பச்சைக் கம்பம்

ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் எனக்கு ராத்திரி வேலை. காலை ஆறரைக்கு விடுவார்கள். அங்கிருந்து வீடு சைக்கிளில் நாற்பது நிமிஷம். ஏழு இருபதுக்கு அக்காவுக்கு பஸ். பல் கிளினிக்கின் பூட்டைத் திறப்பவள் அவள்தான். அவள் கிளம்பியதும், அவள் மகளை ஸ்கூல் வேனில் ஏற்றும்வரை நான் காவல்.

போன மாதம் இரண்டு தடவை தாமதமாகிவிட்டது.

"காலேஜைத்தான் பாதியில விட்டே. சைக்கிளையாவது வீடு வரைக்கும் ஒழுங்கா ஓட்டக் கூடாதா?" என்றாள் அக்கா. "இன்னொரு தடவை லேட்டாச்சு, இதைப் பழைய இரும்புக்காரர்கிட்ட போட்டுடுவேன். நீ பஸ்லயே வா."

சொன்னால் செய்வாள். எனக்கு பஸ் ஆகாது. எட்டு மணி நேரம் ஆவியிலும் ஈரத் துணியிலும் வெந்தபின் மேம்பாலத்து இறக்கத்தில் பிரேக்கை விட்டால், சட்டைக்குள் காற்று புகும். அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் லாரிகளின் உரசலையும் வசவுகளையும் பொறுத்துக்கொள்கிறேன்.

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. பெரிய சந்திப்பில் சிவப்பு விழுந்தால் நூற்றிருபது நொடி. ஒரு காலை நடைபாதை விளிம்பில் ஊன்றி, கன்னத்தை விளக்குக் கம்பத்தில் சாய்த்துத் தூங்கிவிடுவேன். பச்சை விழுந்ததும் பின்னாலிருப்பவன் ஹாரன் அடித்து எழுப்புவான். இரண்டு வருஷத்தில் ஒருநாளும் தவறியதில்லை. மனிதர்களின் பொறுமையின்மையை நம்பலாம்.

அன்று குழாய்க்காகச் சாலையைத் தோண்டி, வண்டிகளை வேறு தெருவில் திருப்பியிருந்தார்கள். சைக்கிள் நுழைய மட்டும் இடமிருந்தது. சாலை முழுக்க எனக்கே. ஆனந்தமாக வந்து, பழக்கதோஷத்தில் சிவப்புக்கு நின்று சாய்ந்தேன். எழுப்புவதற்குப் பின்னால் ஆளில்லை என்பது உறைக்கவில்லை.

விழித்தபோது மணி ஏழு எட்டு. எத்தனை பச்சை போனதோ.

இருபது நிமிஷத் தூரம். வெறிபிடித்து மிதித்தேன். தோண்டிய பகுதி முடிந்து வண்டிகள் ஓடும் சாலைக்கு வந்ததும், ஓரமாக நின்ற கார் ஒன்றின் கதவு சட்டென்று திறந்தது. ஹேண்டில்பாரை ஒடித்துத் திருப்பினேன். பின்னால் வந்த வேன் என் முழங்கையை உரசிப் போனது. இரண்டு விரல் தள்ளியிருந்தால் என் துணியை வேறு யாராவது சலவை செய்திருப்பார்கள்.

ஏழு இருபத்து நாலுக்கு வாசலில் நின்றேன். பஸ் போயிருந்தது. அக்கா சாவிக்கொத்தோடு நின்றாள்.

"பஞ்சர்," என்றேன்.

"மாமா மூஞ்சியில பச்சை," என்றது குட்டி.

கம்பத்துக்கு அன்றைக்கென்று பெயின்ட் அடித்திருக்கிறார்கள். நெற்றியிலிருந்து தாடை வரை ஒரு பட்டை. அக்கா டயரை அமுக்கிப் பார்த்தாள். கல் மாதிரி இருந்தது.

"எங்க தூங்கினே?"

சொன்னேன்.

"நின்னுக்கிட்டேவா?"

"ஒரு கால்லதான்."

அவள் சிரிக்கவில்லை. சீட்டை இறக்கினாள், பையைக் குறுக்கே மாட்டினாள், ஏறிப் போய்விட்டாள். கல்யாணத்துக்குப் பிறகு அவள் சைக்கிளைத் தொட்டதே இல்லை.

குட்டியை வேனில் ஏற்றிவிட்டுப் படுத்தேன். கண்ணை மூடினால் அவள் சைக்கிளுக்கு முன்னால் கார்க் கதவுகள் திறந்தன. தினமும் காலையில் அவள் வாசலில் நிற்பது பஸ்ஸுக்காக மட்டும் இல்லை போலிருக்கிறது. இது புரிய எனக்கு ஒரு பகல் தூக்கம் செலவானது.

சாயங்காலம் முடியெல்லாம் கலைந்து, முகம் சிவந்து வந்து சேர்ந்தாள்.

"கிளினிக்கை நேரத்துக்குத் திறந்தியா?"

"ரெண்டு நிமிஷம் முன்னாடியே."

"மேம்பாலத்துல மெதுவாத்தானே இறங்கினே?"

"பிரேக்கைத் தொடவே இல்ல," என்றாள். தண்ணீர் குடித்தாள். "சீட்டா அது, செங்கல் மாதிரி."

"அப்ப இரும்புக்காரர்?"

"அவரை அப்புறம் பாத்துக்கலாம். அந்த சிக்னல்ல மட்டும் இறங்கித் தள்ளிக்கிட்டு வா. நடந்துக்கிட்டே தூங்க உன்னாலயும் முடியாது." உள்ளே போனவள் திரும்பினாள். "ஞாயித்துக்கிழமை வண்டி எனக்கு."

வேலைக்குக் கிளம்பியபோது சீட் அவள் உயரத்திலேயே இருந்தது. முட்டி ஹேண்டில்பாரில் இடிக்க இடிக்க மிதித்தேன். பெரிய சந்திப்பில் இறங்கி, சீட்டை உயர்த்திவிட்டு, தள்ளிக்கொண்டே கடந்தேன். கம்பத்தில் என் கன்னம் பட்ட இடம் மட்டும் பெயின்ட் இல்லாமல் இருந்தது.