உள்ளே மட்டும் போகும் திருகாணி

வீரம்மாக்காவின் அலறல் கேட்டபோது நான் பட்டறையில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். கோப்பையைப் போட்டுவிட்டு ஓடினேன்.

கொட்டகலைப் பக்கம் எங்கள் தோட்டத்துத் தேயிலை ஸ்டோரில், அதாவது ஃபேக்டரியில், ஃபிட்டர் நான்தான், ஜீவராணி. பொம்பளை ஃபிட்டரா என்று வாயைப் பிளப்பவர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. இப்போதெல்லாம் ஒரு முறைப்போடு சரி.

பச்சைக் கொழுந்தை மாடிக்கு ஏற்றும் பெல்ட்டுக்குப் பக்கத்தில் அக்கா மண்டி போட்டிருந்தார். வலது கை மணிக்கட்டு வரை ஓர் இரும்பு மூடிக்குக் கீழே போயிருந்தது. அந்த மூடிக்குப் பின்னால்தான் பெல்ட்டை இழுக்கும் பல்சக்கரமும் சங்கிலியும் இருக்கின்றன. கூட வேலை செய்யும் பிரேமினி சிவப்புப் பொத்தானை அமுக்கி பெல்ட்டை நிறுத்திவிட்டாள். நின்றும் என்ன பிரயோசனம்?

"ரெண்டு வெரலு மாட்டிக்கிச்சு ஜீவா! சங்கிலி கடிச்சிக்கிட்டே இருக்குடீ!"

ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர் கந்தப்பன் மூச்சிரைக்க வந்தார். பார்த்தார். நேரே சுவிட்ச் போர்டுக்குப் போனார்.

"ரிவர்ஸ்ல ஒரு சுத்து சுத்துனா வெளிய வந்துரும்."

"ஐயா, கைய எடுங்க! வயர மாத்தாம அது ரிவர்ஸ்ல போகாது. முன்னுக்குச் சுத்துச்சுன்னா வெரலு இல்ல, கையே போயிரும்!"

டீமேக்கரிடம் நான் அப்படிக் கத்தியதே இல்லை. மனிதர் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

வழி ஒன்றுதான். சங்கிலியைத் தளர்த்த வேண்டும். தளர்த்தும் நட்டு மூடிக்கு உள்ளே இருக்கிறது. மூடியில் நாலு திருகாணி. மூன்று வாரத்துக்கு முன் நானே ஹட்டன் டவுனில் தேடி வாங்கிப் பூட்டியவை.

எனக்குத் திருகாணி என்றால் கிறுக்கு. எங்கள் ஸ்டோரில் வெள்ளைக்காரன் காலத்து மெஷின்கள் எல்லாம் மைனஸ் தலைதான். தலையில் ஒற்றைக் கோடு, அவ்வளவுதான்; கத்தி முனையிலும் கழற்றலாம். அந்தக் கோட்டில் ஸ்க்ரூடிரைவர் வழுக்கிக் கையைக் கிழித்துக்கொண்ட ஒரு கனடாக்காரர்தான் சதுரக் குழித் தலையைக் கொண்டுவந்தார் என்று கதை சொல்வார்கள். அப்புறம் கார் ஃபேக்டரிகளுக்காக பிளஸ் வந்தது. டிரைவர் தானாக நடுவில் போய் உட்காரும். பிறகு ஸ்டார். கடைசியில் இந்தச் சனியன், ஒருவழித் திருகாணி. பார்க்க மைனஸ் மாதிரியே இருக்கும். பூட்டும் பக்கம் திருப்பினால் பிடிக்கும். கழற்றும் பக்கம் கோட்டின் ஓரம் சரிவாகச் சீவியிருக்கும், டிரைவர் வழுக்கிவிடும். ஒருமுறை உள்ளே போனால் போனதுதான்.

ஏன் பூட்டினேன்? கொழுந்து வரும் உரப்பைகளின் நூல் அடிக்கடி சங்கிலியில் சுற்றிக்கொள்ளும். பெல்ட்டில் வேலை செய்யும் பெண்கள் அஞ்சு ரூபாக் காசை வைத்து மூடியைக் கழற்றி நூலை எடுப்பார்கள். ஒருநாள் மூடி ஒற்றைத் திருகாணியில் தொங்குவதைப் பார்த்துப் பரிசோதகர் ஒருவர் எல்லோர் முன்னாலும் என்னை ஏசிவிட்டார். எனக்கு ரோஷம். இனி எவள் கழற்றுகிறாள் பார்ப்போம் என்று பூட்டினேன். கந்தப்பன்கூட, "கெட்டிக்காரி" என்றார். மூடியின் அடியில் ஒரு கை நுழையும் அளவுக்கு இடைவெளி இருந்ததை நான் யோசிக்கவேயில்லை.

"கிரைண்டர் கொண்டாரச் சொல்லவா?" என்று கேட்டார் கந்தப்பன்.

"வேணாங்க. மூடி அதிர்ந்தா சங்கிலியும் ஆடும்."

இரும்பறுக்கும் ஹெக்ஸோ பிளேடை உடைத்து, பாதியில் துணி சுற்றினேன். திருகாணித் தலையின் குறுக்கே புதுசாக ஒரு கோடு வெட்ட வேண்டும். பிரேமினி அக்காவின் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். நான் ராவத் தொடங்கினேன். ஒவ்வொரு இழுப்புக்கும் அக்கா பல்லைக் கடித்தார். மெதுவா மூதேவி, மெதுவா என்று என்னையே திட்டிக்கொண்டு ராவினேன்.

கோடு விழுந்தது. டிரைவரை வைத்து, முழு உடம்பையும் சாய்த்துத் திருப்பினேன். முதல் திருகாணி அசைந்தது.

இரண்டாவதும் வந்தது. மூன்றாவதில் பிளேடு ஒடிந்து என் பெருவிரலைக் கிழித்தது. மிச்சத் துண்டால் ராவினேன். அதற்குள் அக்கா முனகுவதை நிறுத்திவிட்டார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"அக்கா, பேசுங்க. என்னைய ஏசுங்க. எதையாச்சும் பேசுங்கக்கா!"

"வெரலு இருக்கறதே தெரியல புள்ள," என்றார் மெதுவாக.

மூன்றாவதும் கழன்றது. நாலாவது மேல் மூலையில், பெல்ட் சட்டத்தோடு ஒட்டி இருந்தது. பிளேடை நீட்ட இடமில்லை. கிழிஞ்சது போ என்று உட்கார்ந்துவிட்டேன். அப்புறம்தான் உறைத்தது: அதை ஏன் கழற்ற வேண்டும்? மூடி இப்போது அந்த ஒன்றில்தானே தொங்குகிறது! பிரேமினியையும் கந்தப்பனையும் கூப்பிட்டு, மூடியைத் தூக்கி மேல்பக்கமாகத் திருப்பச் சொன்னேன். கிரீச்சென்று ஏறியது. நட்டில் ஸ்பேனரை மாட்டி நாலு சுற்று சுற்றினேன். சங்கிலி தொய்ந்தது. விரல்களை நானே வெளியே எடுத்தேன். அக்கா போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். மோதிர விரலைக் காப்பாற்றிவிட்டார்கள். சுண்டுவிரல் போய்விட்டது.

என் பையில் கந்தப்பன் கொடுத்துவிட்ட அறிக்கை இருந்தது. விபத்துக்குக் காரணம், தொழிலாளியின் கவனயீனம். கீழே என் கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

அக்காவின் கட்டுப் போட்ட கையைப் பார்த்ததும் எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"ஓடுற மெஷின்ல யாராச்சும் கைய விடுவாங்களாக்கா?"

"முந்தி எப்பவாச்சும் விட்டிருக்கோமா?" என்றார் அக்கா. குரலில் கோபம்கூட இல்லை. "மூடியக் கழட்டணும்னு சொன்னா டீமேக்கர் ரெண்டு நிமிசம் நிப்பாட்ட விடுவாரு. நிப்பாட்டித்தான் நூல எடுப்போம். நீ பூட்டுனதுக்கு அப்புறம், கழட்ட முடியாத மூடிக்கு எதுக்கு நிப்பாட்டணும், கொழுந்து குமிஞ்சு கெடந்து சூடேறுதுன்னு ஏசுறாரு. அதான் கீழால கைய விட்டோம். ஓட ஓட."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேக்கா."

"நீ எங்களக் கேட்டுட்டா பூட்டுன?"

நான் அறிக்கையை எடுத்துக் கட்டில் விளிம்பில் வைத்தேன். 'தொழிலாளியின்' என்பதை அடித்தேன். அதற்கு மேலே 'ஃபிட்டரின், டீமேக்கரின்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.