அஸ்தினாபுரத்தில் இறங்கிய வீடு

அஸ்தினாபுரத்தில் ஸ்ரீநிவாசராகவனின் வீடு முதன்முதலாகப் பூமிக்குள் இறங்கியது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகால் மணிக்கு. இறங்கிய அளவு நான்கு விரற்கடை. சுவரில் கீறல் விழவில்லை, அலமாரியில் ஒரு கிண்ணம்கூட உருளவில்லை. வெளிப்பக்கமாகத் திறக்கும் கேட் மட்டும் தார்ச்சாலையில் உரசி, பாதியில் நின்றுகொண்டது. போன மாதம்தான் பழைய ரோட்டின் மேலேயே புது ரோடு போட்டிருந்தார்கள் என்பதால், ரோடு உயர்ந்துவிட்டது என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். அந்தப் பக்கத்தில் வீடுகள் பள்ளமாகிப்போவது புதிய சங்கதி இல்லை. எதிர்வீட்டு ப்ரியாவின் வாசல் இருந்த உயரத்திலேயே இருந்ததை அன்றைக்கு யாரும் கவனிக்கவில்லை.

தனம் அந்த வீட்டுக்கு வந்து அப்போது நாற்பது நாள் ஆகியிருந்தது. அதற்கு முன்பு பம்மலில் ஒரு சின்ன நர்சிங் ஹோமில் ஆயாவாக இருந்தாள். வயது நாற்பத்திமூன்று. தோல் பதனிடும் தொழிற்சாலையில் வேலை பார்த்த புருஷன் நெஞ்சுச்சளி முற்றிச் செத்துப் பதினோரு வருடம் ஆகியிருந்தது. அவள் குடியிருந்த ஆஸ்பெஸ்டாஸ் கூரை அறையை இடித்து அடுக்குமாடி கட்டப்போவதாக வீட்டுக்காரர் சொல்லிவிட்டிருந்தார். அந்தச் சமயத்தில்தான் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்த ஸ்ரீநிவாசராகவன் அந்த நர்சிங் ஹோமில் பத்தொன்பது நாள் படுத்துக்கிடந்தார். ரசாயனக் கம்பெனி நடத்தி ஓய்வு பெற்றவர். மூன்று மாடி வீடு, ராஜகீழ்ப்பாக்கத்தில் இரண்டு மனை, கனடாவில் கேஷவ் என்ற ஒரே மகன். மனைவி கோமளவல்லி போய் நான்கு வருடம். அப்பா இனித் தனியாக இருக்கக்கூடாது, வீட்டைக் கொடுத்துவிட்டுத் தாம்பரத்துக்கு அப்பால் முதியோர் குடியிருப்பில் சேர வேண்டும் என்று கேஷவ் தினமும் வீடியோவில் வந்து சொல்லிக்கொண்டிருந்தான். அவருக்கு அந்த வீட்டை விட மனமில்லை. வீட்டில் மனைவி என்று ஒருத்தி இருந்தால் மகன் வாயை மூடிக்கொள்வான் என்பது அவருக்குத் தோன்றியது பதினெட்டாவது நாள்.

"நீயும் தனியா இருக்கே, நானும் தனியா இருக்கேன். எனக்கு ஒரு துணை, உனக்கு ஒரு இடம். அவ்வளவுதான். வேற எந்தத் தொந்தரவும் என்னால வராது," என்றார். கண்ணியமாகத்தான் கேட்டார். தனம் இரண்டு நாள் யோசித்தாள். காதல் கத்தரிக்காய் எதையும் அவள் எதிர்பார்க்கவில்லை. கூரை போகப்போகிறது, முட்டி தேய்ந்துவிட்டது, பெட்பான் தூக்குகிற வேலை இன்னும் ஐந்து வருடம்கூட ஓடாது. சரி என்றாள். ரிஜிஸ்தர் ஆபீசில் கையெழுத்துப் போட்டார்கள். சான்றிதழ் அன்று மாலையே கனடாவுக்குப் போனது. முதியோர் குடியிருப்புப் பேச்சு அதோடு நின்றது.

அந்தச் செவ்வாய்க்கிழமை, எதிர்வீட்டு ப்ரியா காதுகுத்து அழைப்பிதழோடு வந்தாள். காபி கொண்டுவந்த தனத்தைப் பார்த்து, இவங்க யாரு சார் என்று கேட்டாள். "வீட்டோட இருந்து என்னைப் பாத்துக்கறா. நர்ஸ் மாதிரி," என்றார் அவர், பேப்பரிலிருந்து கண் எடுக்காமல். நான் அவர் சம்சாரம் என்ற சொல் தனத்தின் தொண்டைவரை வந்தது. பெரிய மனுஷர், வெட்கப்படுகிறாராக்கும் என்று நினைத்து அதை விழுங்கினாள். புளியங்கொட்டை மாதிரி உரசிக்கொண்டே உள்ளே இறங்கியது. வீடும் இறங்கியது.

அதன்பிறகு அது வழக்கமாகிவிட்டது. கனடாவுக்கு அவள் மனைவி, தெருவுக்கு நர்ஸ், அவர் தங்கை சாவித்ரிக்குச் சமையல்காரி. தன் இதய ஆபரேஷனுக்கு ஒப்புதல் கையெழுத்துப் போடும் கட்டத்தில் உறவுமுறை என்ற இடத்தில் மனைவி என்று எழுதச் சொன்னவர், நான்கு நாள் கழித்துப் பார்க்க வந்த பழைய கம்பெனிக்காரர்களிடம், ஆள் போட்டிருக்கேன், நன்னா பாத்துக்கறா என்றார். அன்று வீடு ஒரே மூச்சில் ஒரு முழம் இறங்கியது. கல்யாணங்களுக்குக் காரில் போகும்போது அவளை டிரைவர் பக்கத்தில் உட்காரச் சொன்னதற்கு ஒரு சாண். சாவித்ரி வந்தால் தனத்தின் தட்டு பின்கட்டுக்குப் போவதற்கு ஒவ்வொரு முறையும் இரண்டு விரற்கடை. அவர் ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை, கையை ஓங்கியதில்லை, மாதாமாதம் அவளுக்கு முட்டி வைத்தியம் பார்க்கத் தவறியதில்லை. அதனாலேயே கோபப்படத் தனக்கு உரிமை இல்லை என்று அவள் நம்பியிருந்தாள். நல்லவர்கள் செய்யும் அநியாயத்தை எங்கே போய்ச் சொல்வது?

மூன்றாம் வருடம் வாசற்படி ஐந்தும் மறைந்தன. ஐந்தாம் வருடம் தரைத்தளத்து ஜன்னலில் போகிறவர்களின் செருப்புக்கால் மட்டும் தெரிந்தது. மழைக்காலத்தில் தெருத்தண்ணீர் முழுக்க அங்கேதான் வந்தது. மோட்டார் வைத்து இறைத்தார்கள். மண் பரிசோதனை செய்த பொறியாளர், களிமண் என்று எழுதிக்கொடுத்தார். ஜாக்கி வைத்து வீடு தூக்குகிறவர்கள் வந்து, இருநூறு ஜாக்கிகளை முட்டுக்கொடுத்துப் பதினெட்டு நாளில் நாலடி தூக்கினார்கள். கிளம்பும் அன்று மேஸ்திரி அவளை, "முதலாளியம்மா, போயிட்டு வரோம்" என்றார். "முதலாளியம்மா இல்லப்பா, அது வேலை செய்யறவ," என்று மாடியிலிருந்து சாவித்ரி திருத்தினாள். லாரி தெருமுனை திரும்புவதற்குள் நாலடியும் போயிற்று.

காரணத்தைக் கண்டுபிடித்தது பம்மலிலிருந்து பார்க்க வந்த கன்னியம்மா. நர்சிங் ஹோமில் தனத்தோடு வேலை பார்த்தவள். தெருவிலிருந்து வீட்டுக்குள் சாத்தியிருந்த இரும்பு ஏணியில் இறங்கி வந்து, மூச்சு வாங்க உட்கார்ந்து, எல்லாவற்றையும் கேட்டாள்.

"இன்னாமே இது, தாலி கட்டாத கொறையா ரிஜிஸ்தர் பண்ணிகினு வந்துட்டு, வேலக்காரின்றாரு. நீ இன்னாத்துக்கு வாய மூடிகினு கீற?"

"சோறு போடுறாரு, கன்னியம்மா."

"நீ சும்மா துன்றியா? அவரு கால அமுக்கிவுட்டு, மாத்திர குடுத்து, அவரு பேதி மாத்திர போட்டா ராத்திரில்லாம் கூட முழிச்சிகினு கீற. துன்ன சோத்துக்கு வேல செஞ்சுட்ட. மானத்துக்கு இன்னா குடுத்தாரு?"

தனம் பதில் சொல்ல வாயெடுத்து, மூடிக்கொண்டாள். மேசைமேல் தம்ளரில் இருந்த தண்ணீர் மெல்ல நடுங்கியது. இருவரும் ஜன்னலைப் பார்த்தார்கள். வெளிச்சம் ஒரு விரற்கடை குறைந்திருந்தது. "வூட்டுல ஒரு கோளாறும் இல்ல," என்றாள் கன்னியம்மா. "நீ முழுங்குற பாரு, அந்தப் பாரம்."

அப்படியும் தனம் ஒன்றரை வருடம் விழுங்கிக்கொண்டுதான் இருந்தாள். பழக்கம் அப்படி.

ஸ்ரீநிவாசராகவனுக்கு எழுபது முடிந்தபோது பீமரத சாந்தி வைத்தார்கள். கேஷவ் வந்திருந்தான். பகல் பதினோரு மணிக்கும் விளக்கு எரிந்த கூடத்தில், ஏணி வழியாக இறங்கி வந்த அறுபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவருக்குப் பக்கத்து மணையில் கோமளவல்லியின் போட்டோ, அதற்குச் சாத்த ஒரு புது ஒன்பது கஜப் புடவை. சங்கல்பத்துக்குப் பத்தினி பேர் சொல்லணும் என்றார் சடங்கு நடத்திய வாத்தியார். கோமளா மன்னி பேரையே சொல்லிடுங்கோ என்றாள் சாவித்ரி. கேஷவ் போனைப் பார்த்தான். ஸ்ரீநிவாசராகவன் எதிரே இருந்த கலசத்தைப் பார்த்தார். சமையற்கட்டு வாசலில் டிகாஷன் பாத்திரத்தோடு நின்ற தனத்தின் தொண்டைக்குள் பழைய புளியங்கொட்டை ஏறியது. இந்த முறை இறங்க இடம் இல்லை.

"பத்தினி பேர் தனம்," என்றாள். குரல் உயரவில்லை. "தாம்பரத்துல ரிஜிஸ்தர் ஆயிருக்கு. தம்பிக்குத் தெரியும், அவர் போன்லயே இருக்கு. செத்தவங்கள நான் குறை சொல்லல. கோமளா அம்மா போட்டோவ எட்டு வருஷமா நான்தான் தொடைக்கிறேன். ஆனா உசுரோட ஒருத்தி நிக்கிறப்போ போட்டோவ உக்கார வெச்சா, நான் யாரு? ஆஸ்பத்திரில கையெழுத்துப் போட மட்டும் பொண்டாட்டியா?"

வீடு ஒரு சாண் உயர்ந்தது. ஏணி சுவரில் வழுக்கிச் சரிந்தது. அதன் கடைசிப் படியில் நின்ற சமையல்காரர் உட்கார்ந்துவிட்டார். வேறு சேதம் இல்லை. என்ன பேச்சு இது அண்ணா, நீ ஏதாவது சொல்லு என்று சாவித்ரி சீறினாள். அவர் கலசத்திலிருந்து கண்ணை எடுத்தார். பிறகு, "அவ சொல்றது வாஸ்தவம்," என்றார். போட்டோவைத் தானே எடுத்துப் பக்கத்தில் வைத்துவிட்டு, மணையைக் காட்டினார்.

"இன்னிக்கு வேணாம் சார்," என்றாள் தனம். "நீங்களா கூப்பிட்டிருந்தா உக்காந்திருப்பேன். கேட்டு வாங்கி உக்கார மாட்டேன்."

வாத்தியார் அவள் பெயரைச் சொல்லியே சங்கல்பம் செய்தார். அவள் வாசலில் நின்றபடியே கேட்டுக்கொண்டு, பிறகு அறுபது பேருக்கும் காபி கலந்தாள். சாவித்ரி காபி குடிக்கவில்லை. கேஷவ் ஊருக்குக் கிளம்பும்போது வாசலில் தயங்கி நின்று, வரேம்மா என்றான். அந்த அம்மா மரியாதைக்கா, முறைக்கா என்று அவள் கேட்கவில்லை.

மறுநாள் காலை இட்லி வைத்துவிட்டு அவர் எதிரில் உட்கார்ந்தாள். அந்த வீட்டில் அவள் அவரோடு சாப்பாட்டு மேசை முன்னால் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. "இன்னும் ஏதாவது சொல்ல பாக்கி இருக்கா?" என்று கேட்டார். இருக்கு, தினம் ஒண்ணா சொல்றேன் என்றாள். முதலில் ப்ரியா காதுகுத்து அழைப்பிதழோடு வந்த நாளைச் சொன்னாள். அவர் சமாதானம் ஏதும் சொல்லாமல் முழுக்கக் கேட்டார்; கேட்பது அவருக்குச் சுலபமாக இல்லை, இட்லி பாதி அப்படியே இருந்தது. வீடு ஒரு நூல் உயர்ந்தது. அன்றிலிருந்து தினமும் காலை எட்டு மணிக்கு அவள் சொல்கிறாள், அவர் கேட்கிறார். சில நாள் பதிலுக்குச் சண்டை போடுவார், அன்றைக்கு உயராது. அளந்து பார்க்க வந்த பொறியாளர், என்ன செய்கிறீர்கள் என்று விசாரித்ததற்கு, பேசிக்கிறோம் சார் என்றாள் தனம். அவர் அதை எழுதிக்கொள்ளவில்லை.

இந்த ஆவணியில் மேல்படி இரண்டு வெளியே வந்துவிட்டன. எதிர்வீட்டு ப்ரியா, பால்பாக்கெட் வாங்க வரும்போது ஒரு பார்வை பார்த்து, நேத்தைக்கு நிறைய பேசினீங்க போல அக்கா என்று கேட்டுவிட்டுப் போகிறாள். மழைக்கு முன்பு மூன்றாவதும் தெரியும் என்கிறார்கள். தனம் அவசரப்படவில்லை; வரிசையாகத்தான் சொல்லி வருகிறாள். கொரோனா வருடத்துக்கு இன்னும் வரவில்லை.