நம்பகமான தண்ணீர்

சூப்பீரியர் ஊர் நூலகத்தின் பின்னறையில் ஹாஸ்கெட் திட்டத்தைக் காட்டத் திரையை இறக்கியபோதே ஒஃபீலியாவுக்கு இடுப்பு வலிக்கத் தொடங்கிவிட்டது. இனி என்னால் முடியாது என்று இன்றைக்காவது சொல்லிவிட வேண்டும். ஆறு வாரமாக இதே எண்ணத்தோடுதான் நடைக்குழுக் கூட்டத்துக்கு வருகிறாள். ஒவ்வொரு வியாழனும் ஹாஸ்கெட் பேசி முடிப்பதற்குள் நூலகத்தைப் பூட்ட ஆள் வந்துவிடுகிறது.

சனிக்கிழமை ஒருநாள் நடை. அரிசோனா நெடும்பாதையில் பதினாறு மைல். கள்ளிச் சரிவில் புறப்பட்டு, மேலே பைன் காட்டில் முடிப்பது. ஐந்து பேர் போய்வர இருபத்தொரு பக்கத் திட்டம். ஹாஸ்கெட் காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற செய்தியை அவரிடம் யாரும் சொல்லவில்லை போலிருந்தது.

"பக்கம் ஒன்பது. காலுறை."

"தலைவரே, காலுறைக்கு ஒரு பக்கமா?" தபால் அலுவலக ரோடா கொட்டாவியை மறைக்காமல் கேட்டாள்.

"ரெண்டு பக்கம். பத்துல கொப்புளம்."

கொப்புளத்தைக் கடந்து, எட்டு இருபதுக்குத் தின்ன வேண்டிய பாதாம்பருப்பையும் கடந்து, பதினேழாம் பக்கத்தில் தண்ணீர் வந்தது.

"ஏப்ரல் கடைசி. வெயில் நூறைத் தொடும். ஆளுக்கு ஆறு லிட்டர் வேணும். ஆனா நாம மூணுதான் தூக்கறோம்." ஹாஸ்கெட் குரலைத் தாழ்த்தினார். "எட்டாவது மைல்ல மண்ரோடு குறுக்க வருதில்ல, அங்க ஒரு இரும்புப் பெட்டி. உள்ள கேன்ல தண்ணி. அந்த வழியா போனவங்க நாலு வருஷமா எழுதின குறிப்பு அத்தனையும் படிச்சேன். ஒரு தடவைகூட பெட்டி காலியா இருந்ததில்ல. நூத்துக்கு நூறு நம்பகம்."

"யார் கொண்டாந்து வைக்கிறாங்களாம்?" என்றாள் ஒஃபீலியா.

"அதுக்கு ஒரு அமைப்பு இருக்கும். அமைப்பு இல்லாம எதுவும் இவ்வளவு ஒழுங்கா நடக்காது."

அமைப்பு தன் இடுப்பைத் தடவிக்கொண்டது. ஏழு வருடம், வெள்ளிதோறும் ஐந்து கேலன் கேன் ஆறு, பன்னிரண்டு மைல் கல்லும் குழியுமான மண்ரோடு.

"அந்த அமைப்பு நான்தான். போன வாரம் போகல. நாளைக்கும் போகப் போறதில்ல. பெட்டி இப்ப காலி. இடுப்பு விட்டுப்போச்சு ஹாஸ்கெட். இனிமே என்னால முடியாது."

சொல்லியே விட்டாள். யாராவது "நான் போறேன்" என்பார்கள் என்று காத்திருந்தாள். ஹாஸ்கெட் பேனாவை எடுத்தார். பதினேழாம் பக்கத்தில் 'பொறுப்பாளர்: தெரியவில்லை' என்றிருந்ததை அடித்து, 'ஒஃபீலியா பிராகமோன்ட்டே' என்று அழகாக எழுதினார்.

"திட்டத்துல இது ஒண்ணுதான் குறையா இருந்துச்சு. இந்த வாரம் மட்டும் பாத்துக்குங்களேன்."

"அவ இப்ப என்ன சொன்னான்னு காதுல விழுந்துதா?" என்றாள் ரோடா. "நீங்க போங்களேன்."

"எனக்குத் தோள்பட்டை சரியில்ல. தவிர, நான் திட்டம் போடறவன்."

கோபப்படவும் கொஞ்சம் தெம்பு வேண்டும். ஒஃபீலியா பையைத் துழாவி, வண்டிச் சாவியை எடுத்துப் பதினேழாம் பக்கத்தின் மேல் வைத்தாள்.

"வண்டி வாசல்லயே நிக்குது. போன வாரம் ரொப்பி ஏத்தினதுதான், அதுக்கு மேல முடியல. ஆறு கேனும் பின்னாடி அப்படியே இருக்கு. மூணாவது பள்ளத்துல இடப்பக்கமா ஒட்டிப் போங்க. திரும்பி வந்ததும் சாவிய என் தபால் பெட்டில போட்டுடுங்க."

"நானா? இது திட்டத்துலயே இல்லியே!"

"இருபத்திரண்டாம் பக்கம்," என்றாள் ரோடா.

வீடு நாலு தெரு தள்ளி. ஒஃபீலியா மெதுவாக நடந்தாள். கையில் ஒன்றுமில்லாமல் நடந்து எவ்வளவு நாளாயிற்று என்று கணக்குப் பார்க்கவும் அலுப்பாக இருந்தது. இரண்டாவது தெருமுனையில், பின்னால் வண்டி உறுமுவதும் அணைவதும் மறுபடி உறுமுவதும் கேட்டது. கியர் அடம்பிடிக்கும். சொல்ல மறந்துவிட்டாள்.

திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.