பங்காளியின் சங்கு

அந்த ஊரில் கடிகாரத்தை யாரும் அவ்வளவாக நம்புவதில்லை. மில் சங்கைத்தான் நம்புவார்கள். காலை ஷிப்டுக்கு ஒன்று, மதியச் சாப்பாட்டுக்கு ஒன்று, சாயங்காலம் ஒன்று. சங்கு என்றதும் கடலில் எடுத்தது என்று நினைத்துவிடாதீர்கள். நூல் மில்லின் மொட்டை மாடியில் தகரக் கூரை போட்ட ஒரு சின்ன அறை. அதற்குள் இரும்புத் தொப்பி போட்ட ஒரு மோட்டார். சுவிட்சைத் தட்டினால் முதலில் முனகும், அப்புறம் குரலெடுத்து ஊருக்கே கேட்கிற மாதிரி அலறும். கரண்ட் இல்லாத நாளுக்கென்று பக்கத்தில் ஒரு கைப்பிடி இருந்தது. அதைச் சுற்ற வேண்டும். சுவிட்சுக்கும் கைப்பிடிக்கும் சேர்த்து ஒரே ஆள்தான். அவரைத் தபால்காரர்கூடச் சங்குக்காரர் என்றுதான் விசாரித்துக்கொண்டு வருவார்.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் வேறு நாடு. அங்கேயும் ஒரு மில் உண்டு. காற்று அங்கிருந்து அடித்தால் அந்த மில்லின் சங்கும் காதில் விழும். எப்போதும் நம்ம சங்கு ஓய்ந்து சற்று நேரம் கழித்துத்தான்.

"பங்காளி இப்பதான் கண்ணைத் தேய்க்கறான்" என்பார் சங்குக்காரர்.

முகம் தெரியாத அந்த ஆளுக்கு அவர் வைத்த பேர் அது. ஒரே வேலையை ஆளுக்குப் பாதியாகப் பங்கு போட்டுக்கொண்டவனாம். காற்றில்லாத நாளில், பங்காளிக்கு உடம்புக்கு ஏதும் முடியவில்லையோ என்று வீட்டில் வந்து கேட்பார். இந்த இரண்டு சங்குக்கும் நடுவில் சண்டை மூளப்போகிறது என்று பேச்சு வந்தது.

சங்குக்காரரின் மனைவி மில் வாசலுக்கு எதிரே தையல் கடை வைத்திருந்தாள். பழைய கைமெஷின் ஒன்று. வலது கையால் சக்கரத்தைச் சுற்றி, இடது கையால் துணியைத் தள்ளி, ஊர்ப் பிள்ளைகளின் யூனிபார்ம் எல்லாம் அதில்தான் தைத்தாள். இப்போது அதில் கறுப்புத் துணி ஓடிக்கொண்டிருந்தது. விளக்கு வெளிச்சம் வெளியே தெரியாதபடி எல்லா ஜன்னலுக்கும் கறுப்புத் திரை போட வேண்டும் என்று உத்தரவு. டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கினாள்.

"மனுஷங்களுக்கு அளவெடுத்தா மூச்சை இழுத்துப் பிடிச்சு இடுப்பைக் குறைச்சுக் காட்டுவாங்க. ஜன்னலுக்கு அந்தத் திருட்டுத்தனம் இல்ல" என்று போகிற இடத்திலெல்லாம் சொல்லிச் சிரித்தாள். சிரித்து முடித்த பிறகு, இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று அவளுக்கே விளங்காது.

பக்கத்து டீக்கடைக்காரனுக்கு ரேடியோ என்று பேர். காலையில் கேட்ட செய்தியை மாலைக்குள் நாலு விதமாகச் சொல்வான்.

"அக்கா, சண்டை வராது. ரெண்டு பக்கமும் சும்மா மீசையை முறுக்கறாங்க" என்றான் டீயை வைத்துக்கொண்டே.

"நேத்து வரும்னியே."

"நேத்து கேட்டிருந்தா வந்திருக்கும். இன்னிக்கு வராது."

"நாளைக்கு?"

"நாளைக்குச் செய்தி கேட்டுட்டுச் சொல்றேன். முந்தி முந்திச் சொல்ல நான் என்ன ஜோசியனா?" சொன்னவன் அவள் கையைப் பார்த்தான். "அந்தக் கத்திரிக்கோல் அவங்க ஊர்ச் சாமானாச்சே. எதிரி கத்திரிக்கோலை வச்சுக்கிட்டா நம்ம திரையை வெட்டறீங்க?"

"அவன் எதிரியானது போன மாசம். இது வருஷக்கணக்கா நல்லாத்தானே வெட்டுது?"

அவன் போன பிறகு, கத்திரிக்கோலின் பிடியில் பொறித்திருந்த அந்த நாட்டு எழுத்தின் மேல் ஒரு கறுப்புத் துண்டைச் சுற்றி முடிச்சுப் போட்டாள். யாருக்குப் பயந்து சுற்றினோம் என்று யோசித்தாள். ரேடியோவுக்கா? அவனுக்குப் போய் யார் பயப்படுவார்கள். அவிழ்த்தாள். மறுபடி சுற்றினாள்.

இதெல்லாம் பொறுத்துக்கொள்கிற குழப்பம்தான். அவள் நெஞ்சைப் பிடித்து உலுக்கியது வேறொன்று.

ஊர்ப் பாதுகாப்புக்கென்று ஒரு அதிகாரி வந்திருந்தார். கழுத்தில் எந்நேரமும் விசில் தொங்கியதால் அவரை விசில் என்றே எல்லாரும் சொன்னார்கள். மில் முற்றத்தில் கூட்டம் போட்டார். எதிர்க் கடைக்காரர்களும் வர வேண்டும் என்றதால் அவளும் போய் நின்றாள்.

"இனிமே ஷிப்டுக்குச் சங்கு கிடையாது. சங்கு ஊதினா விமானம் வருதுன்னு அர்த்தம். ஊதினதும் எல்லாரும் ஆபீஸ் கட்டடத்துக்கு அடியில நிலவறைக்குப் போயிடணும். கரண்டை நிறுத்திடுவோம், அதனால சங்கைக் கையாலதான் சுத்தணும்."

"எல்லாரும்னா, சுத்தறவருமா சார்?" என்று கேட்டாள் அவள்.

"அவர் எப்படிம்மா வருவார்? விமானம் போற வரைக்கும் ஊதணும். போனப்புறம், போயிடுச்சுன்னும் ஊதணும்."

"எல்லாரும்னு சொன்னீங்களே."

"அவரைத் தவிர எல்லாரும்."

கூட்டம் சிரித்தது. அவளும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டாள். சங்குக்காரர் மட்டும் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து நின்றார். அத்தனை பேருக்கு நடுவில் அவரைத் தனியாக எடுத்துச் சொன்னது அதுதான் முதல் தடவை.

சாயங்காலம் வீட்டில் அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு உட்கார்ந்ததும் ஆரம்பித்தாள்.

"என்னங்க, எல்லாரும் பூமிக்கு அடியில, நீங்க மட்டும் வானத்துக்குப் பக்கத்துலயா?"

"யாராவது ஒருத்தர் இருக்கணும்ல."

"அந்த யாரோ ஒருத்தர் வேற யாராவதா இருக்கக் கூடாதா?"

"இத்தனை வருஷமா ஊரே என் சங்கைக் கேட்டுத்தான் சோத்துல கை வைக்குது. இப்ப நான் இறங்கி ஓடினா நல்லாவா இருக்கும்?"

"ஊருக்கே சங்கு ஊதினவருக்கு யாரோ சங்கு ஊதிட்டுப் போயிடுவாங்க. அது நல்லா இருக்குமா?"

அவர் சிரிக்க ஆரம்பித்தார். பாதியில் நிறுத்திக்கொண்டார். தான் சொன்னதைத் தானே கேட்ட மாதிரி அவளும் வாயைப் பொத்திக்கொண்டாள். ஒரு வார்த்தைக்கு இரண்டு அர்த்தம் இருப்பது இவ்வளவு நாளும் அவளுக்கு விளையாட்டாகத்தான் இருந்தது.

அன்றிலிருந்து அவள் மனம் ஒரு நிலையில் நிற்கவில்லை. அவர் இறங்கி வர வேண்டும். சங்கும் ஊத வேண்டும். ஊதாவிட்டால், உள்ளூரிலேயே கட்டிக்கொடுத்த மகள் கைக்குழந்தையோடு வெட்டவெளியில் நிற்பாளே. ஊதினால் இவர் வெட்டவெளியில் நிற்பார். துணியை எப்படித் திருப்பிப் போட்டு வெட்டினாலும் ஒரு கை குறைந்தது. சண்டை வேண்டும் என்கிறவர்களும் நல்லவர்கள்தான், அவளிடம் கடன் சொல்லாமல் துணி தைத்து வாங்குகிறவர்கள். வேண்டாம் என்கிறவர்களும் நல்லவர்கள்தான், சத்தமாகச் சொல்லப் பயப்படுகிறார்கள். நான் எந்தப் பக்கம் என்று தன்னைக் கேட்டுப் பார்த்தாள். அவர் ஏணியை விட்டு இறங்குகிற பக்கம் என்றுதான் பதில் வந்தது. அப்படி ஒரு பக்கம் எந்தச் செய்தியிலும் இல்லை.

ஒரு நாள் துணிந்து விசிலிடம் போனாள்.

"சார், அவருக்கு முட்டி வலி. ஏணி ஏற முடியல."

மறுத்துச் சண்டை பிடிப்பார் என்று எண்ணி, பேச வேண்டியதை வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு போயிருந்தாள். விசில் உடனே தலையாட்டினார். "அதனால என்னம்மா, மாத்திடலாம். மில் எலக்ட்ரீஷியன் இருக்கார், சின்ன வயசு."

மில் எலக்ட்ரீஷியன் அவளுடைய மாப்பிள்ளை.

அவள் வாசல் வரை போய்த் திரும்பி வந்தாள். பிறகு, "முட்டி இப்ப பரவாயில்ல சார்" என்றாள்.

"இப்பதானே ஏற முடியலன்னீங்க?"

"தைலம் தடவினேன். கேட்டுது."

"எப்ப தடவினீங்க?"

"இனிமேதான் தடவணும்" என்று உளறிவிட்டு வெளியே வந்தாள்.

பிறகு ஒத்திகை வந்தது. எப்போது என்று முன்கூட்டிச் சொல்ல மாட்டோம், திடீரென்றுதான் ஊதுவோம் என்று விசில் சொல்லியிருந்தார். மதியச் சாப்பாட்டுக்குச் சற்று முன்னால் கரண்ட் நின்றது. மாடியில் சங்கு முனகி, குரலெடுத்து, அலறியது.

மில் கதவுகள் திறந்தன. எல்லாரும் சாப்பாட்டுத் தூக்கோடு வெளியே வந்தார்கள். கை கழுவும் குழாயில் வரிசை நின்றது. முற்றத்து மரத்தடியில் வழக்கமான இடத்தைப் பிடித்து உட்கார்ந்து மூடியைத் திறந்தார்கள். ரேடியோ கூட்டம் வருகிறதென்று பாலை அடுப்பில் ஏற்றினான். தெருவில் ஒருவர் நின்று கைக்கடிகாரத்தைச் சரிசெய்தார். நடுவில் விசில் மட்டும் கன்னம் வீங்க ஊதிக்கொண்டு அங்குமிங்கும் ஓடினார். விசிலிடம் ஒருவர், "சார், நீங்களும் உக்காருங்க, சாப்பிடலாம்" என்றார்.

இதில் பெரிய வேடிக்கை, எல்லாம் தெரிந்த சங்குக்காரரின் மனைவியும் தூக்கோடு ஏணியடியில் நின்றதுதான். சங்கு கேட்டதும் கை தானாக மெஷினை நிறுத்தியது, கால் தானாகச் சாலையைக் கடந்தது. அவர் இறங்கி வருவார், சாப்பிடுவார் என்று நிமிர்ந்து பார்த்துக்கொண்டு நின்றாள்.

மேலே சங்கு மெல்ல மெல்ல இறங்கி ஓய்ந்தது. சங்குக்காரர் கைப்பிடிச் சுவருக்கு வந்து கீழே எட்டிப் பார்த்தார். முகம் வெளுத்துப்போயிருந்தது.

விசில் வாயிலிருந்து விசிலை எடுத்துவிட்டுச் சொன்னார்: "இந்த ஊருக்குக் குண்டு போட வர்றவன் வழி தேட வேண்டாம். நாமே ஊதி எல்லாரையும் வெளியே உக்கார வச்சுத் தர்றோம்."

அன்று சங்குக்காரர் சாப்பிடவில்லை. தூக்கைத் திறக்காமலே பக்கத்தில் வைத்துக்கொண்டு, "நான்தான் இழுத்துட்டு வந்தேன். மேலேருந்து பார்த்தேன். ஒருத்தர்கூட உள்ளே போகல" என்றார். "என் சத்தத்துக்கு ஜனங்க வெளியே வர்றதுதான் பழக்கம். உள்ளே போற மாதிரி ஒரு சத்தம் பண்ணணும். அது வராம நான் இறங்க மாட்டேன்."

பெருமைக்காக ஏறியவரை இறக்கிவிடலாம் என்று அவள் எண்ணியிருந்தாள். இப்போது அவர் ஏறி நின்ற இடம் வேறு. அங்கிருந்து எப்படி இறக்குவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

ஒரே மூச்சாக ஊதாமல் விட்டு விட்டு ஊதினால் ஜனங்களுக்கு வித்தியாசம் தெரியும் என்று அவரே யோசனை சொன்னார். விசிலுக்கும் பிடித்திருந்தது. ஆனால் சுற்றி, நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து சுற்ற ஒரு ஆளின் தோள் தாங்காது. மூன்றாவது தடவையே அவருக்கு மூச்சிரைத்தது.

"ஆள் மாத்தி ஆள் சுத்தணும். எலக்ட்ரீஷியனையும் ஏத்திடலாம்" என்றார் விசில்.

மாப்பிள்ளை ஏணியருகே நின்றிருந்தான். "சரி சார்" என்றான். ஏணியில் கை வைத்தான், கால் வைக்கவில்லை.

"அவர் வேண்டாம். நான் ஏறறேன்" என்றாள் அவள்.

"அத்தை, நீங்க சும்மா இருங்க."

"நீங்க சும்மா இருங்க மாப்பிள்ளை. புள்ளையைத் தூக்கிட்டு நிலவறைக்கு ஓட என் பொண்ணுக்கு ஒரு ஆள் வேணும்." விசிலின் பக்கம் திரும்பினாள். "சார், என்னுது கைமெஷின். சுத்தறது, நிறுத்தறது, மறுபடி சுத்தறது, அதுதான் என் பிழைப்பே. வேணும்னா பாருங்க."

அவள் ஏணியேறிச் சுற்றிக் காட்ட, விசில் பார்த்தார். கைப்பிடி அவளுக்கு மெஷின் சக்கரம் மாதிரிதான் இருந்தது. ஓரம் அடிக்கிற போது சுற்றுகிற மாதிரியே சுற்றி, திருப்பத்தில் நிறுத்துகிற மாதிரி நிறுத்தினாள். கீழே ஜனங்கள் அண்ணாந்து பார்த்தார்கள். கையில் தூக்கில்லை. ஒன்றிரண்டு பேர் நிலவறைப் பக்கம் நகரவும் செய்தார்கள்.

"உனக்குப் பயமா இல்லையா?" என்று சங்குக்காரர் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"பயமாத்தான் இருக்கு. கீழே நின்னு உங்களையே பார்த்துக்கிட்டிருந்தா இன்னும் ஜாஸ்தியா இருக்கு. எதுக்காக ஏறினேன்னு கேக்காதீங்க, எனக்கே சரியா சொல்லத் தெரியல."

அன்றே மெஷினை மாப்பிள்ளை தூக்கிவந்து தகர அறையில் வைத்தான். திரைகளை அங்கேயே தைத்தாள். அங்கிருந்து பார்த்தால் ஊரின் ஜன்னல்கள் எல்லாம் தெரியும், எல்லாவற்றிலும் அவள் தைத்த கறுப்பு. அதற்கு அப்பால் ஆறு. ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு புகைபோக்கி, அதன் அடியில் அதே மாதிரி ஒரு மொட்டை மாடி. அங்கேயும் ஒரு தகரக் கூரை வெயிலில் மின்னியது.

"அங்கேயும் பங்காளிகூட அவன் பொண்டாட்டி ஏறியிருப்பாளா?" என்று கேட்டாள்.

"அவன் லேட்டா வர்ற ஆளு. பொண்டாட்டிதான் தள்ளி ஏத்தியிருப்பா."

சாப்பாட்டு நேரத்துக்கு முன்னால் ஒரு நாள் ஆற்றுப்பக்கமிருந்து காற்று எழுந்தது. அவள் தூக்கைத் திறந்து ரொட்டியை இரண்டாகப் பிய்த்துக்கொண்டிருந்தாள். அப்போது பங்காளியின் சங்கு கேட்டது.

சங்குக்காரர் தலையை நிமிர்த்தினார். "என்னிக்கும் நமக்கப்புறம்தானே ஊதுவான். இன்னிக்கு என்ன முந்திக்கிட்டான்?"

"நம்ம ஷிப்டுச் சங்குதான் இல்லையே. யாருக்கு அப்புறம் ஊதுவான், பாவம்."

சத்தம் வந்தது, நின்றது. மறுபடி வந்தது, நின்றது.

"விட்டு விட்டு ஊதறான்" என்றார் அவர்.

"காத்துதான் விட்டு விட்டுக் கொண்டு வருதோ என்னமோ."

இருவரும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார்கள். ஆற்றின் மேல் வானம் வெறுமையாகக் கிடந்தது. விட்டு விட்டு ஊதினால் ஆபத்து என்பது இந்த ஊரில் இவர் வைத்தது. அங்கே என்ன வைத்திருக்கிறார்களோ. அங்கே ஆபத்து என்றால் அது இந்தப் பக்கமிருந்து போவதாக இருக்க வேண்டும். அப்படி எதுவும் தலைக்கு மேலே போகவில்லையே. போயிருந்தால் சத்தம் கேட்டிருக்குமா? அவள் எழுந்து கைப்பிடியைப் பிடித்தாள். சுற்றவில்லை. அவர் கையும் அவள் கைக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

"சுத்தட்டுமா?"

"இரு. கேளு."

கீழே ரேடியோவும் அந்தச் சத்தத்தைக் கேட்டிருக்கிறான். கடையை விட்டுத் தெருவுக்கு வந்து, அண்ணாந்து, என்னக்கா என்று கையை ஆட்டிக் கேட்டான். ஊருக்கெல்லாம் செய்தி சொல்கிறவன் அவளிடம் செய்தி கேட்டது அதுதான் முதல் தடவை.

அவள் ஒரு கையால் கைப்பிடியை விடாமல் பிடித்துக்கொண்டு, ரொட்டித் துண்டு இருந்த மற்றக் கையை, யாருக்குத் தெரியும் என்று அவனுக்குத் தெரிகிற மாதிரி விரித்துக் காட்டினாள்.