பத்தொன்பது மஞ்சள் அட்டைகள்

அரியலூர் பக்கத்து சிமென்ட் ஆலை ஒன்றின் கன்ட்ரோல் ரூமில் கண்ணகிக்கு அது ஒன்பதாவது வருஷம். விக்கிரமங்கலத்திலிருந்து ஸ்கூட்டியில் வந்து இறங்கினால், எட்டு மணி நேரம் நாலு திரைகளுக்கு முன்னால் உட்கார்ந்து, சுண்ணாம்புக்கல் அரைக்கிற இரண்டு மில்களையும் ஒரு மவுஸை வைத்தே ஓட்டுவாள்.

மாசி மாதம் ஒரு காலை, கீழேயிருந்து போன் வந்தது. முதல் மில்லில் பெல்ட் கிழிகிறது, உடனே நிறுத்துங்கள் என்றார்கள். கண்ணகி நிறுத்தினாள். நின்றது இரண்டாவது மில். முதல் மில் பெல்ட் அது பாட்டுக்கு ஓடி இன்னும் இருபது மீட்டர் கிழிந்தது.

விசாரணை அறிக்கை காரணத்தை இரண்டே வார்த்தையில் சொன்னது: மனிதப் பிழை. மனுஷி என்றாவது ஒத்துக்கொண்டார்களே என்று கண்ணகி நினைத்துக்கொண்டாள்.

அடுத்த வாரமே மனிதப் பிழை ஒழிப்பு இயக்கம் ஆரம்பமாகிவிட்டது. உற்பத்தி மேலாளர் அன்பழகன் எல்லா ஆபரேட்டர்களையும் கூட்டி, முந்திரி பிஸ்கட் கொடுத்து, ஆளுக்கொரு கட்டு மஞ்சள் அட்டை கொடுத்தார்.

"சின்னத் தப்பா இருந்தாலும் எழுதுங்க. நடக்க இருந்து தப்பிச்சதையும் எழுதுங்க. யார் மேலயும் நடவடிக்கை கிடையாது. இது என் வாக்கு."

கண்ணகி நம்பினாள். ஒரு மாதத்தில் பத்தொன்பது அட்டை எழுதிப் போட்டாள். பக்கத்து நாற்காலி பழனிவேல் அவளைவிட ஆறு வருஷம் சீனியர், அவர் ஒன்றே ஒன்று எழுதினார்: "டீ டம்ளர் மேசை விளிம்பில் இருந்தது. நகர்த்தி வைத்தேன்."

மாதக் கடைசியில் சுவரில் ஒரு வரைபடம் ஒட்டினார்கள். எல்லார் பெயருக்கு மேலேயும் எறும்பு உயரத்துக்கு ஒரு கோடு. கண்ணகி பெயருக்கு மேலே மட்டும் பனைமரம்.

"நடவடிக்கை இல்லைன்னு சொன்னீங்களே சார்?"

"இது நடவடிக்கை இல்லம்மா. பயிற்சி. பெரம்பலூர்ல ரெண்டு நாள். சாப்பாடு நல்லாயிருக்கும்."

பெரம்பலூரில் ஒரு ஓட்டல் மாடியில் கவனம் வளர்க்கும் பயிற்சி நடந்தது. மூச்சை இழுத்துப் பிடித்து நூறிலிருந்து தலைகீழாக எண்ணச் சொன்னார்கள். இரண்டாம் நாள் மத்தியானம், பயிற்சியாளர் அனுசுயா அவரவர் செய்த தப்புகளை எடுத்துப் படிக்கச் சொன்னார். கண்ணகி தன் அட்டைகளின் நகலை எடுத்தாள். படிக்கப் படிக்க அவள் குரல் இறங்கிக்கொண்டே போனது. பத்தொன்பதில் பதினொன்று ஒரே தப்பு. ஒன்றாம் மில்லை அழுத்தப் போய், கை இரண்டுக்குப் போயிருந்தது.

"திரையில எது எங்க இருக்குன்னு வரைஞ்சு காட்டுங்க" என்றார் அனுசுயா.

கண்ணகி வரைந்தாள். இடது பக்கம் 2, வலது பக்கம் 1.

"ஏங்க இப்படி?"

"ரெண்டாவது மில்லு பின்னாடி வந்துச்சு மேடம். அப்ப இடது பக்கம்தான் காலி இடம் இருந்துச்சாம்." சொல்லிவிட்டு அவளே அந்தத் தாளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்பது வருஷமாகப் பார்த்த படம்தான்.

திரும்பி வந்து அன்பழகனிடம் சொன்னாள்.

"மென்பொருள்ல கைவைக்கணும்னா ஹெட் ஆபீஸ் அனுமதி வேணும். ஆறு மாசம் ஆகும்" என்றார்.

கண்ணகி தன் கைப்பையிலிருந்து ஒரு சிவப்பு ஸ்டிக்கர் பொட்டை எடுத்து, திரையில் முதல் மில்லுக்குப் பக்கத்தில் ஒட்டினாள். மூன்று வாரம் அவள் கை ஒரு தடவைகூடத் தவறவில்லை. நாலாவது வாரம் அன்பழகன் கண்ணில் பொட்டு பட்டது.

"கம்ப்யூட்டருக்குப் பொட்டு வைக்கிறதுக்கு இன்னைக்கு என்ன ஆயுத பூஜையா?" நகத்தால் சுரண்டி எடுத்துப் போட்டார்.

அந்த வெள்ளிக்கிழமை ஜி.எம். வந்தார். மனிதப் பிழை தொண்ணூறு சதவீதம் குறைந்துவிட்டதாக அன்பழகன் கணக்குக் காட்டினார். அது உண்மைதான்; பயிற்சியிலிருந்து வந்த நாளாகக் கண்ணகி ஒரு அட்டையும் எழுதவில்லை. பிழையில்லா ஆபரேட்டர் பரிசாகப் பழனிவேலுக்கு ஒரு சுவர்க் கடிகாரம் கிடைத்தது.

"இந்தம்மாதான் அந்தப் பெல்ட் கேஸா?" என்று ஜி.எம். கண்ணகியைப் பார்த்தார். அவள் எழுந்து நின்றாள்.

"ஆமா சார். கவனம் இருந்தா வரவே வராத தப்பு. நானும் இதே நாற்காலியில எட்டு வருஷம் உக்காந்தவன்தான்" என்றார் அன்பழகன். முதல் மில்லைப் பராமரிப்புக்காகப் பதினொரு மணிக்கு நிறுத்த வேண்டியிருந்தது. மணியும் பதினொன்று. "நீ தள்ளும்மா, நானே காட்டுறேன்."

உட்கார்ந்தார். மவுஸை நகர்த்தினார். முகம் ஜி.எம். பக்கம் திரும்பியிருந்தது. நிறுத்தவா என்று திரை கேட்டது. எதை அழுத்தினாலும் இப்படி ஒன்று கேட்கும்; ஒரு ஷிஃப்டில் இருநூறு தடவை கேட்கிற கேள்வி அது. ஆமாம் என்று அழுத்தினார். கண்ணகி வாயைத் திறப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

போன் அடித்தது. ஸ்பீக்கரில் கீழேயிருந்து ஒருத்தர் கத்தினார்: "ஒண்ணுல வேலை பாக்க ஆளுங்க தயாரா நிக்கிறோம், ரெண்டை எதுக்கு நிறுத்துனீங்க? யாரு அங்க, கண்ணகியா?"

"இல்லண்ணே, நான் இல்ல. ஒண்ணு இன்னும் ஓடுது, கிட்ட போயிடாதீங்க" என்று மட்டும் சொல்லி அவள் போனை வைத்தாள். அன்பழகனைப் பார்க்க அவளுக்குப் பாவமாக இருந்தது. சந்தோஷப்பட வேண்டிய நேரம் என்று தெரிந்தும் அது வரவில்லை.

மறுநாளே திருச்சியிலிருந்து ஒரு சாஃப்ட்வேர் ஆள் வந்தார். ஆறு மாத வேலை நாற்பது நிமிஷத்தில் முடிந்தது. இந்தத் தடவை அறிக்கை, காரணம் திரை வடிவமைப்புக் குறைபாடு என்று சொன்னது. மாசி மாத அறிக்கையை யாரும் திருத்தவில்லை.

திங்கட்கிழமை டீ நேரத்தில் பழனிவேல் நாற்காலியைக் கண்ணகி பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"யார்கிட்டயும் சொல்லாத. தை மாசம் சூளைக்கு நிலக்கரி அளவு மாத்தறப்ப, பன்னெண்டு அடிக்க வேண்டிய இடத்துல நூத்தி இருபது அடிச்சுட்டேன். நல்ல வேளை, பாத்துட்டேன்."

"எனக்கும் அப்படி ஆயிருக்குண்ணே. அந்தக் கட்டத்துல புள்ளியே சரியா விழாது. பன்னெண்டு புள்ளி சைபர்னு அடிச்சா நூத்தி இருபதா வாங்கிக்கும்."

"அட, அதானா!" பழனிவேல் திரைக்குக் கிட்டப் போய்ப் பார்த்தார்.

"எழுதிப் போடுங்கண்ணே, சரி பண்ணுவாங்க."

"எழுதுறதா? ஒனக்கென்ன கிறுக்கா புடிச்சிருக்கு?" என்றார் அவர். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "வேற எங்கெங்க இப்படி ஆகும்? சொல்லு" என்றார்.

கண்ணகி சொல்ல ஆரம்பித்தாள். அவரும் சொன்னார். டீ ஆறிப்போயிற்று.