பாப்பாத்தி கூப்பிட்ட பிள்ளை

மணிமொழி தன் வயிற்றில் இருக்கும் பிள்ளையோடு பேசக் கூடாது. கொஞ்சக் கூடாது, பாடக் கூடாது, சும்மா உட்கார்ந்திருக்கும்போது வயிற்றைத் தடவிக்கொடுக்கவும் கூடாது. எவ்வளவு கொடுமைக்கார மாமியாரும் இப்படி ஒரு சட்டம் போட்டதாகக் கேள்வியில்லை. போட்டவள் மூத்த ஓரகத்தி பாப்பாத்தி, அடுத்த வீட்டுக்காரி. சரி என்று தலையாட்டியவள் மணிமொழியேதான்.

தலையாட்டாமல் என்ன செய்வாள்? புரட்டாசியில் இடஒதுக்கீடு கேட்டு ஊர்ச்சனம் ரோட்டில் இறங்கியபோது, தியாகதுருகம் ரோட்டுப் புளியமரத்தை வெட்டிக் குறுக்கே சாய்த்தவன் அவள் புருஷன் இளஞ்செழியன். நாலு நாள் அவன் ஊரில் பெரிய வீரன். போலீஸ் வீடு வீடாக ஏறிய அன்று அந்த வீரன் நெல்குதிருக்குப் பின்னால் ஒடுங்கிக் கிடந்தான். மசக்கைக்காரி மணிமொழி வாசலில் குனிந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்தான் இளஞ்செழியனின் அண்ணனும் பாப்பாத்தியின் புருஷனுமான சடையன். நேரே போலீஸ்காரர்களிடம் போய், "மரத்த வெட்னது நான்தாங்க" என்றான். மறியல் நடந்த அன்று முழுக்க அவன் கரும்புக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தது ஊருக்கே தெரியும். ஊர் வாயைத் திறக்கவில்லை.

திரும்பி வந்த சடையனால் நிமிர்ந்து நடக்க முடியவில்லை. எந்த ஸ்டேஷனில் வைத்து அடித்தார்கள் என்று அவன் சொல்லவில்லை. எங்கே அடித்தார்கள் என்பதை டாக்டர் பாப்பாத்தியைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். இனிமேல் பிள்ளை என்ற ஆசையை விட்டுவிடும்மா என்றும் சொன்னார். கல்யாணமானதிலிருந்து ரிஷிவந்தியம் கோயிலுக்கு நடையாய் நடந்து, அர்த்தநாரீஸ்வரரிடம் ஒரே ஒரு பிள்ளை கேட்டுக்கொண்டிருந்தவள் அவள்.

அழுது முடித்த முகத்தோடு வந்து மணிமொழி முன்னால் நின்றாள்.

"எம் புருசன் உம் புருசனுக்காவ உள்ள போனாரு. எனக்கு நீ இன்னா குடுப்ப?"

மணிமொழி பதில் தேடுவதற்குள் இளஞ்செழியன் முந்திக்கொண்டான். "பொறக்கறது உங்க புள்ள, அண்ணி." சுமக்கிற வயிறு அவனுடையதா என்ன, தாராளமாகவே கொடுத்தான்.

பாப்பாத்தி எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் இல்லை. பழைய வேட்டிகளைக் கொதிக்க வைத்து அலசி, பிள்ளைத் துணியாகக் கிழித்து மடித்தாள். ஏணை கட்டித் தாலாட்ட மெத்தென்ற புடவை ஒன்றை எடுத்துவைத்தாள். அதை மாட்டுவதற்குத் தன் வீட்டு உத்தரத்தில் கொக்கி அடித்தாள். மலை பஸ் ஏறி வெள்ளிமலைக்குப் போய்த் தேனும் தினையும் வாங்கிவந்தாள். அங்கே தேன் விற்ற பொம்பளை, வயிற்றுப் பிள்ளைக்கும் காது கேட்கும், எந்தக் குரல் அதைக் கொஞ்சுகிறதோ அதைத்தான் தாய் என்று பிடித்துக்கொள்ளும் என்று சொல்லி அனுப்பிவிட்டாள். சட்டம் பிறந்தது அன்றைக்குத்தான்.

"நீ ஊரு ஒலகத்தோட எல்லாம் பேசு. அதுங்கிட்ட மட்டும் பேசாத."

அதிலிருந்து மாடு கட்டும் நேரத்துக்குத் தவறாமல் வருவாள். தேனில் பிசைந்த தினைமாவை உருண்டை பிடித்து மணிமொழியைத் தின்னச் சொல்வாள். வயிற்றில் கை வைப்பாள். "எங்க சாமி, முழிச்சிக்கினியா?" என்று ஆரம்பித்தால் அப்புறம் மணிமொழி என்று ஒருத்தி அங்கே இருப்பதே அவளுக்கு மறந்துபோகும். எந்த மாடு கன்று போட்டது, யார் வீட்டில் சண்டை, பெரியப்பன் இன்றைக்குக் கொல்லைவரை நடந்தார் என்று எல்லாம் வயிற்றுக்குத்தான் சொல்வாள். பெரியப்பன் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டு, "அப்பன்" என்று உடனே திருத்திக்கொள்வாள். மணிமொழி பஸ் ஸ்டாண்டு பெஞ்சு மாதிரி உட்கார்ந்திருப்பாள்.

முதலில் அவளுக்கு அது வலிக்கவில்லை. கடன்பட்ட மனசு எதையும் தாங்கும். ஐந்தாம் மாதத்தில் ஒருநாள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தபோது, அடிவயிற்றில் யாரோ உள்ளேயிருந்து விரலால் தொட்டதுபோல் இருந்தது. முறத்தைக் கீழே வைத்துவிட்டாள். அந்த நிமிஷத்தோடு நன்றியெல்லாம் தீர்ந்துபோயிற்று. தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள், ஓரகத்திகளுக்குச் சொல்லவா வேண்டும்? எனக்கு வேண்டும், இது எனக்கு வேண்டும் என்று அவள் நெஞ்சு அடித்துக்கொண்டது. சடையன் விந்தி விந்தி நடப்பதைப் பார்த்தால் முன்பெல்லாம் கண் கலங்கும். இப்போது எரிச்சல் வந்தது.

தை பிறப்பதற்கு முன்னால், ஒரு சாயங்காலம் பாப்பாத்தியின் கைக்கடியில் பிள்ளை நன்றாகத் துள்ளியது. "பாத்தியா, எங் கொரலு கேட்டா எப்பிடிக் குதிக்குதுன்னு!" என்று பாப்பாத்தி சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பொறுக்க முடியவில்லை மணிமொழிக்கு.

"தேன் தின்னா எந்தப் புள்ளயும்தான் குதிக்கும்க்கா. உன் கை வேற ஜில்லுனு கீது. கூலிக்கு வாங்குன புள்ளைக்கு உன் கொரலு எங்க தெரியப்போவுது?"

கூலி என்ற சொல் எங்கே தைக்குமோ அங்கே தைத்தது. சடையன் பட்ட அடிக்குப் பிள்ளைதான் கூலி என்று ஊரும் பேசிக்கொண்டிருந்தது. பாப்பாத்தி கையை எடுத்துக்கொண்டாள்.

"மாட்டுப் பொங்கலன்னிக்கு மத்தியானம் வரைக்கும் தேன் தின்னாத. நான் வாசலாண்ட நின்னு கூப்புடறேன். உன்னத் தொடக்கூட மாட்டேன். அசைஞ்சா அது எம் புள்ள. அசையலன்னா நீயே வச்சுக்க, கூலியும் வாணாம் ஒண்ணும் வாணாம். அசைஞ்சுதா இல்லியான்னு நீயே சொல்லு."

பிள்ளைமேல் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை.

மாட்டுப் பொங்கலன்று மாடுகளுக்குக் கொம்பு சீவி வர்ணம் அடித்து முடித்த கையோடு நாலு பேரும் மணிமொழி வீட்டில் கூடினார்கள். மணிமொழி கூடத்தில் சுவரோடு சாய்ந்து கால் நீட்டி உட்கார்ந்தாள். இளஞ்செழியன் கதவோரம் நின்று தரையைப் பார்த்தான். சடையன் தடியை ஊன்றி அவளுக்கு எதிரில் மெல்ல உட்கார்ந்தான்.

"இதெல்லாம் வாணாம் பாப்பாத்தி" என்றான். அவள் கேட்கவில்லை. புதுப்புடவை கட்டிக்கொண்டு வாசலில் போய் நின்றாள்.

"எங்க சாமி, முழிச்சிக்கினியா?"

ஒன்றும் இல்லை. மணிமொழி மூச்சைப் பிடித்துக்கொண்டு, தூங்கு, தூங்கு என்று உள்ளுக்குள் சொன்னாள். பிள்ளையோடு அவள் பேசிய முதல் பேச்சு அதுதான்.

"ஆத்தா வந்துக்கீறேன்டா. எங்க சாமி!"

பிள்ளை துள்ளியது. அப்படி ஒரு துள்ளலை மணிமொழி அதுவரை கண்டதில்லை. விலாவோடு முட்டி, புரண்டு, மறுபடியும் முட்டியது. புடவை மேலெழும்பி அடங்கியது. மணிமொழி முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டாள்.

"அசைஞ்சுதா மணி?"

"இல்லக்கா."

பாப்பாத்தி உள்ளே ஓடிவந்தாள். "பொய் சொல்ற. இல்லியா? வயித்துப் புள்ளமேல ஆணையா சொல்லு!" மணிமொழி தலையைக் குனிந்துகொண்டாள். பாப்பாத்தி புருஷன் பக்கம் திரும்பினாள். "நீ எதுருலதான குந்திக்கினு இருந்த. நீ சொல்லுய்யா. நீ சொன்னா நம்புறேன்."

மணிமொழி நிமிர்ந்து சடையனைப் பார்த்தாள். அவன் கண் அவள் வயிற்றுப் புடவைமேல்தான் இருந்தது. அது இன்னும் லேசாக அசைந்துகொண்டிருந்தது. அவன் எல்லாவற்றையும் பார்த்துவிட்டான் என்று அவளுக்குத் தெரிந்தது.

"அசையல பாப்பாத்தி" என்றான் சடையன். "நான் பாத்துக்கினுதான் இருந்தேன்."

தம்பி குடும்பத்துக்காக ஒரு பொய் சொல்லிப் பழகிய வாய். முதல் பொய்க்கு அவன் உடம்பைக் கொடுத்தான். இந்தப் பொய்க்குப் பெண்டாட்டியைக் கொடுத்தான்.

பாப்பாத்தி அழவில்லை. "சரி" என்று மட்டும் சொன்னாள். மறுநாள் காலையில் பிள்ளைத் துணிகளையும் ஏணைப் புடவையையும் கொண்டுவந்து மணிமொழி மடியில் வைத்தாள். "பாவம், அதுக்கு இன்னும் காது வரல போல. இனிமே நீ பேசு" என்று சொல்லிவிட்டுப் போனாள். மாடு கட்டும் நேரத்துக்கு அவள் வரவில்லை, அதற்குப் பிறகு எந்த நாளும் வரவில்லை.

மணிமொழி கதவைச் சாத்திக்கொண்டு வயிற்றைத் தடவினாள். "கண்ணு, அம்மாடா. அம்மா பேசறேன்டா." அத்தனை நாள் சேர்த்துவைத்த சொல்லையெல்லாம் கொட்டினாள். பிள்ளை அசையவில்லை. தேன் தின்றுவிட்டுப் பேசினாள், அப்போதும் அசையவில்லை. பொழுது சாய்ந்தது. அடுத்த வீட்டுக் கொல்லையில், அவிழ்த்துக்கொண்டு ஓடிய கன்றுக்குட்டியைப் பாப்பாத்தி அதட்டும் சத்தம் கேட்டது. பிள்ளை துள்ளியது.

மணிமொழி எழுந்துபோய்க் கொல்லைக் கதவையும் சாத்தினாள்.