கரையில் ஒருவர்

எங்கள் வீட்டில் அரிசி தீர்ந்ததே கிடையாது. பானையைக் கவிழ்த்துத் தட்டினாலும் ஒரு மணி விழாத நாளில்கூட, அரிசி நிறைந்திருக்கிறது, வாங்கி வா என்றுதான் அம்மா கடைக்கு அனுப்புவாள். எண்ணெயும் அப்படித்தான், உப்பும் அப்படித்தான். விளக்கு வைக்கிற நேரத்தில் 'இல்லை' என்று யாராவது சொல்லிவிட்டால் வாயிலேயே ஒன்று போடுவாள். ஊரில் எல்லா வீட்டிலும் உள்ள பழக்கம்தான், எங்கள் வீட்டில் கொஞ்சம் ஜாஸ்தி. நர்ஸ் வேலை பார்க்கிற எனக்கே, மருந்து தீர்ந்துபோனால் அதைச் சொல்ல நாக்கு தடுக்கும்.

என் தம்பி இளஞ்செழியனுக்குக் கடற்கரையில் வேலை. கள்ளக்குறிச்சிக்காரனுக்குக் கடலில் என்ன ஜோலி என்று கேட்காதவர் இல்லை. கோமுகி அணையில் நீச்சல் பழகியவன், சென்னைக்குத் தெற்கே ஒரு கிளப்பில் போய்ச் சேர்ந்தான். பலகைமேல் பாய் கட்டி, நின்றபடியே காற்றைப் பிடித்து ஓட்டக் கற்றுக்கொண்டான். இப்போது மற்றவர்களுக்கும் சொல்லித் தருகிறான். அம்மாவிடம் மட்டும், கரையில் உட்கார்ந்து பலகை வாடகைக்கு விடுகிறான் என்று சொல்லிவைத்திருந்தோம். அந்தப் பொய்யைச் சொன்னது நான்தான்.

ஆழக் கடலுக்குப் போகிறவர்களுக்கு அந்த கிளப்பில் விதிகள் கறார். லைஃப் ஜாக்கெட், விசில், தண்ணீர் புகாத உறையில் போன், ஆரஞ்சு நிறப் புகை விடும் குழாய் ஒன்று. இதெல்லாம் இருந்தாலும், 'கரையில் ஒருவர்' என்று ஒரு பெயரும் நம்பரும் எழுதித் தராமல் பாயைத் தொட விடமாட்டார்கள். சொன்ன நேரம் தாண்டினால் அந்த ஒருவருக்கு கிளப்பிலிருந்து போன் வரும். வரவில்லை என்று அவர் சொன்னால் மீட்புப் படகு கிளம்பும். வந்துவிட்டான் என்றால் பட்டியலில் பெயரை அடித்துவிடுவார்கள். அந்த ஒருவரின் போன் சிக்னல் உள்ள இடத்தில் இருக்க வேண்டும் என்றும் ஒரு விதி உண்டு. செழியன் எழுதிக் கொடுத்தது என் பெயர், மணிமொழி.

மாசி மாதம், வெள்ளிக்கிழமை. போட்டிக்குப் பழக அவன் தனியாகப் போவதாக இருந்தான். கிளப்பிலிருந்து பதினான்கு கிலோமீட்டர் வடக்கே ஒரு மீனவர் குப்பத்தில் கரையேறி, அங்குள்ள ஷெட்டில் பலகையை வைத்துப் பூட்டிவிட்டு, அப்படியே தன் அறைக்குப் போய்விடுவான். ஐந்து மணிக்குக் கரையேற வேண்டும். எனக்கோ அன்று வெள்ளிமலைக்கு அப்பால் தடுப்பூசி முகாம். கல்வராயன் மலையில் பாதி ஊருக்கு சிக்னல் கிடையாது. ரொம்பக் கெட்டிக்காரியாக யோசித்து, போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டு பஸ் ஏறினேன். ஐந்து மணிக்குத் தம்பி பேசுவான், எடு என்று மட்டும் சொன்னேன். மற்றதைச் சொன்னால் கடலைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கும். போன் சிக்னல் உள்ள இடத்தில் இருந்தது. விதிப்படி எல்லாம் சரி.

மலையிலிருந்து இறங்கி நான் வீடு வந்தபோது ஆறுக்குப் பத்து நிமிடம் இருந்தது. விளக்கு எரிந்துகொண்டிருந்தது. தம்பி பேசினானா என்று கேட்டேன்.

"அவன் பேசல. யாரோ ஒரு ஆளு பேசுனாரு. பையன் வந்துட்டானான்னு கேட்டாரு. வெள்ளிக்கெழமயும் அதுவுமா வெளக்கேத்திக்கினு இருக்கேன், வரலன்னா சொல்லுவாங்க? வந்துட்டான், நல்லா இருக்கான்னேன்."

போனைப் பிடுங்கிப் பார்த்தேன். ஐந்து இருபத்தைந்துக்கு கிளப்பிலிருந்து அழைப்பு. தம்பிக்குப் போட்டேன், ஸ்விட்ச் ஆஃப். திரும்பத் திரும்பப் போட்டேன், அதே குரல் அதையே சொன்னது.

கிளப் மேனேஜர் காசிநாதனைப் பிடித்தேன். செழியன் பெயரை அடித்தாயிற்று, படகை மணலில் ஏற்றியாயிற்று என்றார். அவன் வரவில்லை என்று கத்தினேன். இருங்கள் என்று சொல்லிவிட்டு இன்னொரு போனில் குப்பத்தில் விசாரித்தார். ஷெட் பூட்டியிருக்கிறது, சாவி அவனிடம்தான், அவனைப் பார்த்ததாகச் சொல்வாரும் இல்லை. போன மாதம் ஒரு குடிகாரன் நண்பன் வரவில்லை என்று விளையாட்டுக்குச் சொல்லி, படகு ராத்திரியில் போய் அல்லாடித் திரும்பியதாம். அதிலிருந்து, முதலில் சொன்னவரே வாக்கை மாற்றிச் சொன்னால்தான் படகு என்று முதலாளி உத்தரவு.

"ஒரே நம்பர்ல ஒருத்தங்க வந்துட்டான்றாங்க, நீங்க வரலன்றீங்க. இருட்டப்போற நேரத்துல ரெண்டு பேரைக் கடலுக்குள்ள அனுப்பணும். அந்தம்மாவே சொல்லட்டும்மா. நான் அதுக்குள்ள படகைத் தண்ணிக்குத் தள்ளச் சொல்றேன்."

அந்த ஆளை என்னென்னவோ திட்டினேன். போனை ஸ்பீக்கரில் போட்டு அம்மாவிடம் வந்தேன்.

வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் கரையில் உட்காருகிறவன் இல்லை, கடலுக்குள் போகிறவன், இப்போதும் கடலில்தான் இருக்கிறான் என்றேன். எத்தனை நாளாக என்று கேட்டாள். மூன்று வருடமாக என்றேன். அறைவாள் என்று நினைத்தேன். அறைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வரல என்று ஒரு வார்த்தை சொல், படகு போகும் என்றேன். அவள் உதட்டை இறுக்கிக்கொண்டாள்.

கெஞ்சினேன். காலைப் பிடித்தேன். உனக்கு உன் சாஸ்திரம் பெரிதா, பெற்ற பிள்ளை பெரிதா என்று வாய்க்கு வந்தபடி கேட்டேன். அவள் மாட்டேன் என்று தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"உங்கப்பாவுக்கு அப்படித்தாண்டி சொன்னேன்."

பதினான்கு வருடத்துக்கு முன், மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போன டிராக்டர் வழியில் கவிழ்ந்து அப்பா செத்தார். அது எனக்குத் தெரியும். அன்று வாசலில் நின்று, இன்னும் வரலையே என்று அம்மா பக்கத்து வீட்டில் சொன்னதும், சொல்லி வாய் மூடுவதற்குள் ஆள் வந்து சேதி சொன்னதும் எனக்குத் தெரியாது, இப்போதுதான் சொன்னாள்.

"சொன்னேன், அவரு வரவே இல்ல. அதே வாயால எம்புள்ளைக்கும் சொல்லச் சொல்றியா?"

ஸ்பீக்கரில் காசிநாதன், வெளிச்சம் போய்க்கினு இருக்கும்மா என்றார். எனக்கிருந்த கோபமெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அப்பா நாலு மணிக்கே போய்ட்டாரும்மா. சேதி வந்ததே ஆறு மணிக்கு, நீ சொன்னதும் அப்பத்தான். உன் வார்த்தை அவர இன்னா பண்ணிருக்கும்? செழியன் உயிரோட இருக்கான். உனக்காகத்தான் படகு நிக்குது."

உயிரோடு இருக்கிறான் என்று எனக்கு எப்படித் தெரியும்? தெரியாது. ஆனாலும் சொன்னேன்.

அம்மா முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். போனைத் தானே வாங்கினாள்.

"எம்புள்ள இன்னும் வரல." அங்கே யாரும் ஒன்றும் கேட்கவில்லை, ஆனாலும் மறுபடி சொன்னாள். "வரலங்க. கடல்லதான் இருக்கான். போய்க் கூட்டியாங்க."

சரிம்மா என்ற குரலும் அதன்பின் என்ஜின் சத்தமும் கேட்டன. அப்போது ஆறு பத்து.

அதற்குப் பிறகான நேரத்தை எப்படிச் சொல்வது? மலையில் எத்தனையோ பிரசவம் பார்த்திருக்கிறேன், பயந்ததில்லை. அன்று பயந்தேன். உறை மோருக்கு வந்த பக்கத்து வீட்டுப் பச்சையம்மாள், தம்பி நல்லா இருக்கானா என்று வழக்கம்போலக் கேட்டாள். கடலில் இருக்கிறான், இன்னும் வரவில்லை என்றாள் அம்மா. பச்சையம்மாள் கிண்ணத்தை வைத்துவிட்டு எங்களோடு உட்கார்ந்துவிட்டாள்.

ஏழு மணிக்குப் போன் வந்தது, ஆள் கிடைத்துவிட்டான் என்று. பாய்மரத்தின் அடி உடைந்து, பலகையைக் கட்டிப் பிடித்தபடி நீரோட்டத்தில் அடித்துக்கொண்டு போயிருக்கிறான். போனில் தண்ணீர் புகுந்துவிட்டதாம். ஆரஞ்சுப் புகையைப் பார்க்க ஒரு படகும் பக்கத்தில் இல்லை. இன்னும் கால் மணி நேரம் தாமதித்திருந்தால் இருட்டில் ஆளைக் காணாமல் திரும்பியிருப்போம் என்றார் காசிநாதன். எனக்கு அழுகை வந்தது, அழுதேன்.

பிறகு செழியன் பேசினான். பல் அடித்துக்கொண்டதில் பாதி புரியவில்லை. அம்மாவிடம் கொடு என்றான். வேலையும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், ஊருக்கு வந்து சேர் என்றுதான் சொல்வாள் என்று நினைத்தேன். நானும் அவள் பக்கம்தான் பேசுவது என்று முடிவு செய்திருந்தேன்.

அம்மா, சூடாக ஏதாவது குடித்தாயா என்று கேட்டாள். அவன் சொன்னதைக் கேட்டுக்கொண்டாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"அந்தக் காயிதத்துல உங்கக்கா பேரை அடிச்சிட்டு எம்பேர எழுது. எத்தினி மணிக்கு வருவன்னு மட்டும் எங்கிட்ட சொல்லிட்டுப் போ. வரலன்னா வரலன்னு நான் சொல்றேன்."